தேவையில்லாத ஒரு முடிவு

இனி எளிமையாக வாழப்போகிறேன் என்று அறிவித்த கையோடு கடைக்குக் கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே மாதிரிக் கண்ணாடி ஜாடிகள், மூங்கில் பிரஷ், சாயம் போடாத துணிப்பை, மனநிறைவை எழுதிவைக்கக் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு. வீட்டில் நன்றாக இருந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் குப்பைக்குப் போகும். கொஞ்ச நாளில் ஜாடிகளும் பழகிப்போகும், அப்புறம் அடுத்தது. கலை ஆர்வத்துக்கும் இதே கதைதான். வண்ணப் பெட்டி, தடித்த தாள், விதவிதமான தூரிகை எல்லாம் வந்துவிடும். வரைவதற்கான ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது.

எனக்குத் தனியாக நேரம் கிடையாது. பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் இருந்ததில்லை. காலையில் கிளம்பி இருட்டியபின் திரும்பும் கணக்கு வேலை, வீட்டு வேலையில் பாதி என் பங்கு. துணி காயப்போடுவது, மடிப்பது, கிழிந்ததைத் தைப்பது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடுவது. இதெல்லாம் எப்படியும் செய்தே ஆகவேண்டியவை. அதனால் புதிதாக எதையும் சேர்க்காமல், இருக்கிற வேலைக்குள்ளேயே ஒரு சின்ன விஷயத்தை நுழைத்தேன். ஒவ்வொரு வேலையிலும், அந்த வேலைக்குத் தேவையே இல்லாத ஒரு முடிவை நானாக எடுப்பேன். அவ்வளவுதான்.

உதாரணத்துக்குத் துணி காயப்போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடியில் மாட்டும் கிளிப் எந்த நிறமாக இருந்தாலும் துணி காயும். அதனாலேயே அது முழுக்க என் விருப்பம். சாம்பல் சட்டைக்கு மஞ்சள் கிளிப், மஞ்சள் துண்டுக்கு நீலக் கிளிப் என்று எடுத்து மாட்டுவேன். சில நாள் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம். சில நாள் சின்னத் துணியில் தொடங்கிப் பெரிய போர்வையில் முடியும். பிழைப்பற்ற வேலை என்று நீங்கள் நினைக்கலாம், என் மனைவியும் அதையேதான் நினைத்தாள். ஆனால் வேலை முடிந்து திரும்பிக் கொடியைப் பார்க்கும்போது, ‘அப்பாடா முடிந்தது’ என்பதோடு வேறு ஒன்றும் சேர்ந்து வருகிறது. இதை இப்படிச் செய்தது நான்தான் என்ற நினைப்பு அது. எந்த வேலையிலும் பெரும்பகுதியை அந்த வேலையே தீர்மானித்துவிடுகிறது. மிச்சம் இருக்கும் அந்தத் துளி இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும்.

அலுப்பான வேலையில் கூடச் சந்தோஷம் இருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்வேன். உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய், மனிதர்கள் தம்மை மறந்து ஒன்றில் ஆழ்ந்துபோகும் நிலையைப் பற்றியே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், அறுவை மருத்துவர்கள் என்று பலரிடம் பேசியவர். 1989-இல் அவரும் ஜூடித் லெஃபெவரும் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குப் போகும் சிலரிடம் பேஜரைக் கொடுத்தார்கள். அது ஒலிக்கும் போதெல்லாம் அப்போது என்ன செய்கிறார்கள், எப்படி உணர்கிறார்கள் என்று குறித்துவைக்கச் சொன்னார்கள். அந்த ஆழ்ந்த நிலை ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் அதிகம் வந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், வேலை செய்யும்போது வேறு எதையாவது செய்துகொண்டிருக்கலாமே என்றுதான் அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த நிலை வருவதற்குச் சில தேவைகளை அவர் சொல்கிறார். என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும், செய்தது சரியா என்று உடனுக்குடன் தெரிய வேண்டும், கஷ்டம் நம் கைத்திறனுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். சோபாவில் சாய்ந்து திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது இதில் ஒன்றும் இல்லை. கிழிந்த சட்டையைத் தைக்கும்போது எல்லாமே இருக்கிறது.

சட்டைக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இதில்தான் சுவை அதிகம்.

மேசையில் கையூன்றி உட்காருகிறவர்களின் முழுக்கைச் சட்டையில் முதலில் போகும் இடம் முழங்கை. என் நீலச் சட்டையிலும் அங்கேதான் இழை தேய்ந்து, ஒரு நாணயம் அளவுக்கு ஓட்டை விழுந்தது. தூக்கிப் போட மனமில்லை, மற்றபடி துணி நன்றாகத்தான் இருந்தது. இதற்கு டார்னிங் என்று தையல்காரர்கள் சொல்லும் முறைதான் சரி. ஓட்டை விழுந்த இடத்தில் நூலாலேயே ஒரு துண்டுத் துணியை நெய்துவிடுவது.

முதலில் துவைத்துக் காயவைத்துவிட வேண்டும். சுருங்குகிற துணி முன்னாலேயே சுருங்கிவிடட்டும். ஓட்டைக்கு அடியில் வழவழப்பாக, கெட்டியாக எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும். பழைய குண்டு பல்பு இருந்தால் அற்புதம், இல்லையென்றால் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துக்கொள்ளலாம். நூலின் தடிமன் துணியின் இழை அளவுக்கே இருக்கட்டும். பருத்திக்குப் பருத்தி நூல். முடிச்சுப் போட வேண்டாம், அது உறுத்தும். விரல் நீளத்துக்கு வால் விட்டுவிட்டு, கடைசியில் அந்த வாலை உள்பக்கத் தையலில் செருகிக்கொள்ளலாம்.

ஓட்டையின் விளிம்பிலிருந்து ஆரம்பிப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் அந்த விளிம்பே ஏற்கெனவே நைந்துபோன துணி. 1 செ.மீ. தள்ளி, நல்ல துணியில் ஆரம்பிக்க வேண்டும். மேலிருந்து கீழே சின்னச் சின்ன ஓட்டுத் தையல், திரும்பிக் கீழிருந்து மேலே அடுத்த வரி, ஒட்டினாற்போல் இன்னொன்று. ஓட்டை வரும் இடத்தில் நூல் அதை நேராகத் தாண்டிப் போகும். இது பாவு. ஒவ்வொரு திருப்பத்திலும் நூலை இறுக்காமல் கடுகளவு வளையம் விட வேண்டும். நூல் பிறகு துவைப்பில் சுருங்கும்போது துணி சுருக்கம் விழாமல் அந்த வளையம் காப்பாற்றும். அப்புறம் சட்டையைக் குறுக்காகத் திருப்பி ஊடை ஓட்டுவது. ஒரு பாவு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே. திரும்பி வரும்போது மாற்றி. இந்த இடத்தில் ஊசியின் கூர்ப் பக்கத்தால் போனால் பாவு நூல் பிளந்துகொள்ளும். காதுப் பக்கத்தால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு வரி முடிந்ததும் ஊசியால் அதை முந்தைய வரியோடு நெருக்கிவிட வேண்டும். நடுவில் நூலை இழுத்து ஓட்டையை மூடிவிடலாமே என்று கை பரபரக்கும். கூடாது. ஓட்டை அதே அளவில் இருக்கட்டும், அதை நிரப்புவதுதான் நம் வேலை.

இதுவரை சொன்னது எல்லாம் வேலை கேட்பது. எனக்கென்று மிச்சம் இருந்தது நூலின் நிறம். நீலச் சட்டைக்குச் செங்கல் நிற நூலை எடுத்தேன்.

“ஏங்க, நீல நூல்தான் பெட்டியிலேயே இருக்கே?”

“இருக்கு.”

“அப்புறம் எதுக்கு இது?”

“சும்மாதான்.”

ஊடை பாதி ஏறும்போது அந்தச் செங்கல் நிறச் சதுரம் மெல்ல மெல்லத் துணியாக மாறிக்கொண்டிருந்தது. அப்போது நேரம் போனதே தெரியவில்லை. தேய்ந்த துணியை இப்படி ஓட்டுத் தையலால் காப்பாற்றி, கடைசியில் அந்தத் தையலையே அழகாக்கிக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வங்காளத்தின் காந்தாவும் ஜப்பானின் சஷிகோவும் அப்படி வந்தவைதான். அந்தச் சட்டையை இன்றும் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். முழங்கை என் கண்ணுக்கே படாத இடம் என்பதும் ஒரு சௌகரியம்.

எந்த வேலையை எடுப்பது என்பதில் ஒரு விஷயத்தைக் கறாராக வைத்திருக்கிறேன். ஒரே உட்காரலில் முடிய வேண்டும். பெரிய போர்வை பின்னுவது, வீட்டுச் சுவர் முழுக்க ஓவியம் வரைவது போன்றவை சம்பளத்துக்குப் போகிறவர்களின் அலமாரியில் பாதியில் படுத்துக்கொள்ளும். அதைப் பார்க்கும் போதெல்லாம் குற்ற உணர்ச்சி வேறு. 2012-இல் மைக்கேல் நார்ட்டனும் உடன் இரண்டு ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. காகிதத்தை மடித்துத் தவளையும் கொக்கும் செய்யத் தெரியாதவர்களைச் செய்ய வைத்து, அதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். தாம் செய்த கோணல்மாணல் கொக்குக்கு, தேர்ந்தவர்கள் செய்ததற்குக் கொடுக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட விலை சொன்னார்கள். வெளியாட்களோ அதே கொக்குக்கு மிகக் குறைவாகத்தான் சொன்னார்கள். இன்னொரு சோதனையில் தனித்தனிப் பாகங்களைச் சேர்த்து ஒரு பெட்டி செய்யச் சொல்லி, சிலரைக் கடைசி இரண்டு படிகளுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பெட்டிக்குத் தரத் தயாராக இருந்த விலை, முடித்தவர்கள் சொன்னதைவிடக் குறைவு. கை பட்டால் மட்டும் போதாது, முடிக்கவும் வேண்டும்.

முடிகிற வேலைக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் நோட்டுத் தைப்பது. ஒரு பக்கம் மட்டும் அச்சாகிக் கிடக்கும் தாள்கள் எல்லா வீட்டிலும் சேரும். ஏ4 தாளை நடுவில் மடித்தால் 148 × 210 மி.மீ. அளவில் கைக்கு அடக்கமான பக்கம் கிடைக்கும். எட்டுத் தாளுக்கு மேல் போகாதீர்கள், உள்தாள்கள் வெளியே பிதுங்கும். மடிப்பின் மேல் நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என மூன்று துளை. உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே எடுத்து, மேல் துளையில் உள்ளே விட வேண்டும். உள்பக்கம் நடுவைத் தாண்டி நேராகக் கீழ்த் துளைக்குப் போய் வெளியே வந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே நுழைய வேண்டும். இப்போது நூலின் இரண்டு முனையும் உள்ளேதான் இருக்கும். அந்த நீண்ட நூல் இரண்டு முனைக்கும் நடுவில் வருமாறு வைத்து முடிச்சுப் போட்டால் நோட்டு தயார். தேவையில்லாத முடிவு எங்கே என்றால், மேலட்டை. பழைய வரைபடம், கிழிந்த காலண்டர், மகள் சின்ன வயதில் கிறுக்கியது, எது வேண்டுமானாலும். தாளுக்கும் ஒரு வாகு உண்டு, அதன் இழைகள் ஓடும் திசை. ஒரு திசையில் மடித்தால் சொன்னபடி கேட்கும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். அட்டையை மடிக்குமுன் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டில் நான் வரைகிறேன். எனக்கு வரையத் தெரியாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேசையில் இருக்கும் ஏதாவது ஒன்றை, சாவிக்கொத்தோ மூக்குக் கண்ணாடியோ, தாளைப் பார்க்காமல் வரைவது மட்டும்தான் வழக்கம். கண் பொருளின் விளிம்பில் எறும்பு ஊர்வதுபோல் நகரும், பென்சில் அதே வேகத்தில் கூடவே போகும். தூக்கக் கூடாது, குனிந்து பார்க்கவும் கூடாது. ஓவியப் பள்ளிகளில் கண்ணைப் பழக்கத் தரும் பயிற்சி இது. வரும் படம் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வருஷக்கணக்கில் கையில் இருக்கும் சாவியின் பற்களில் ஒன்று மற்றதைவிடக் குட்டை என்பதே அப்போதுதான் கண்ணில் படும். தாளைப் பார்க்கக் கூடாது என்பதால், நன்றாக வந்திருக்கிறதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. வரையத் தெரியாதவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது நான் பிடிவாதமாக இருக்கும் இடத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் படம் எடுத்து யாருக்கும் காட்டுவதில்லை. தெரிந்த ஒருவர் கூழாங்கற்களில் சின்னச் சின்ன ஓவியம் வரைவார். மாலையில் வீடு திரும்பினால் அதுதான் அவருக்கு மருந்து. பார்த்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள், பிறகு ஆர்டர்கள், பிறகு ‘இந்தச் சிவப்பு வேண்டாம், அந்தச் சிவப்பு போடுங்க’. இப்போது கல் வரைய வேண்டியிருக்கிறது என்று பெருமூச்சு விடுகிறார். விற்பதில் தப்பு இருக்கிறது என்று சொல்ல நான் யார்? வருமானம் வருமானம்தான். ஆனால் இளைப்பாற இருந்த ஒரே மூலையையும் வாடகைக்கு விட்டுவிட்டார் என்று தோன்றுகிறது.

இதற்கும் சோதனை உண்டு. 1973-இல் வெளியான ஆய்வில் உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் இருவரும், ஸ்கெட்ச் பேனாவில் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஒரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்தபின் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களிடம் அந்தச் சேதம் இல்லை. ஆகவே யாராவது தற்செயலாகப் பார்த்து “நல்லா இருக்கே” என்றால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வேன். அதை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் வம்பு. மகள் வரைந்ததைக் காட்டும்போதும் ‘சூப்பர்’ என்று மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டேன். “இந்த யானைக்கு ஏன் கால் பச்சையா இருக்கு?” என்று கேட்டால் போதும்.

“அது புல்லுல நடந்துச்சுப்பா.”

செடிகளைப் பற்றிச் சுருக்கமாக. மணி பிளாண்ட் கொடியில் இலைக்காம்பு சேரும் கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டி, கணு மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி நிறுத்தினால், சில வாரங்களில் வேர் விடும். தண்ணீருக்குள் இலை இருந்தால் அழுகும், கிள்ளிவிடுங்கள். வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். வெளிச்சம் புகும் பாட்டிலில் பாசி பிடிக்கும், கரும் பாட்டிலில் அவ்வளவாகப் பிடிக்காது. இலையைக் கடித்தால் வாய் எரியும் என்பதால் குழந்தைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். செடியிலும் பொறுமையிலும் என்னைவிட மனைவி கெட்டிக்காரி, எந்தப் பாட்டிலில் வைப்பது என்ற முடிவை அவளே எடுத்துக்கொள்கிறாள். கிளிப் நிறங்களைப் பார்த்துச் சிரித்தவள்தான்.

இப்படி எழுதும்போது, கையில் ஊசி நூல் இருந்தால் பணம் எதற்கு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பரிசுச் சீட்டில் பணம் விழுந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாகச் சந்தோஷமாக இல்லை என்ற 1978 ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதில் இருந்த வெற்றியாளர்கள் 22 பேர்தான். சுவீடனில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வு, பெரிய பரிசு விழுந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தி கூடியதையும், பத்து வருஷத்துக்கு மேலும் அது குறையாமல் இருந்ததையும் காட்டியது. வாடகைக்கு அல்லாடுபவரிடம் போய்க் கிளிப் நிறத்தைப் பற்றிப் பேசினால் அடிக்க வருவார், அது நியாயமும்கூட. அதேபோல வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் போய், எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். டார்னிங்கால் சரியாகிற விஷயம் இல்லை அது.

செய்யாத நாட்களும் நிறைய உண்டு. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் கிளிப்பை யார் பார்த்தார்கள்? கைக்குக் கிடைத்ததை மாட்டிவிட்டுத் தூங்கப் போவேன். புதுப் பழக்கம் படிய எவ்வளவு நாள் ஆகிறது என்று லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சராசரி 66 நாள் என்றாலும், 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. 21 நாளில் வாழ்க்கை மாறும் என்பவர்களை நம்பி நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் உண்மையாகவே உதவியது. ஊசி, நான்கு நிற நூல், கத்தரி, பென்சில், பழைய பல்பு எல்லாவற்றையும் ஒரே தகர டப்பாவில் போட்டு, சாய்ந்து உட்காரும் நாற்காலிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறேன். முன்பு பரணில் இருந்தபோது, ஒரு பொத்தான் தைக்கவும் ஸ்டூல் தேட வேண்டும். ஸ்டூல் தேடுவதற்குள் ஆசை போய்விடும். இப்போது போன் இருக்கும் தூரத்தில்தான் டப்பாவும் இருக்கிறது. போட்டி சமம்.

நேற்று அந்த டப்பா திறந்தது மகளின் பைக்காக. ஜிப் பாதியில் நின்றுவிட்டது. மாட்டிக்கொள்ளும் ஜிப்புக்குப் பென்சில் முனையைப் பற்களின் மேல் தேய்த்தாலே போதும், அந்தக் கரி வழுக்கிக் கொடுக்கும். ஓடிப்போனபின் பின்னால் வாய் பிளந்துகொள்ளும் ஜிப் என்றால் ஓடும் பகுதி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதன் இரண்டு ஓரத்தையும் குறடால் லேசாக, மிக லேசாக, அமுக்க வேண்டும். இவளுடையது இரண்டாவது ரகம். சரிசெய்ததும் இழுக்கும் பட்டை உடைந்திருப்பது தெரிந்தது. என்ன கட்டலாம் என்று அவளே டப்பாவைக் கிளறி, செங்கல் நிற நூலை எடுத்துக்கொண்டு பின்ன உட்கார்ந்துவிட்டாள்.